பாக்கெட் வைஃபை பெட்டி: வாங்கலாமா, போனே போதுமா?

கடைசி வரை படிக்கப் பொறுமை இல்லாதவர்களுக்காகத் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையில் இரண்டு சிம் போடுகிற போன் இருக்கிறது, மாதத்தில் எப்போதோதான் வெளியூர்ப் பயணம் என்றால், சிம் போட்டால் லேப்டாப்புக்கும் போனுக்கும் வைஃபை தருகிற இந்தப் பாக்கெட் வைஃபை பெட்டி உங்களுக்கு வேண்டாம். அந்தக் காசில் வேறொரு கம்பெனி சிம் வாங்கிப் போனில் காலியாகக் கிடக்கிற இரண்டாவது இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள், மிச்சத்துக்கு நல்ல பவர் பேங்க் ஒன்று வாங்குங்கள். ஓடுகிற வண்டியில் லேப்டாப்பைத் திறந்து மணிக்கணக்கில் வேலை பார்ப்பவர், அதுவும் நடுவில் ஓயாமல் போன் வந்துகொண்டே இருக்கிற பிழைப்பு உள்ளவர் என்றால் மட்டும் பெட்டியை யோசிக்கலாம்.

நான் கணக்குப் பார்க்கிறவன். ஜிஎஸ்டி, வருமான வரி, அது சம்பந்தமான நோட்டீஸ், இவைதான் தொழில். இருப்பது திருநெல்வேலி, வாடிக்கையாளர்கள் மதுரை, திருச்சி, சென்னை என்று பரவிக் கிடக்கிறார்கள். விற்பனை விவரம் தருகிற ஜிஎஸ்டிஆர்-1 படிவத்துக்குக் கடைசி நாள் 11ஆம் தேதி, வரி கட்டுகிற 3பி படிவத்துக்கு 20, மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாக்கல் செய்பவர்களுக்கு நம் மாநிலத்தில் 22. நாம் வீட்டில் இருக்கிறோமா வண்டியில் இருக்கிறோமா என்று இந்தத் தேதிகள் பார்ப்பதில்லை. ஜிஎஸ்டி போர்ட்டலில், அதாவது அரசின் இணையதளத்தில், கொஞ்ச நேரம் கை வைக்காமல் விட்டால் வெளியே தள்ளிவிடும், மறுபடி பாஸ்வேர்டு, மறுபடி கேப்ட்சா, எல்லாம் முடிந்து கடைசியில் ஒப்புதலுக்கு வாடிக்கையாளரின் போனுக்கு ஓடிபி போகும், அவரைக் கூப்பிட்டு அதை வாங்க வேண்டும், அதுவும் காலாவதி ஆவதற்குள். அதனால் நெட் எவ்வளவு வேகம் என்பதில் எனக்குப் பெரிய அக்கறை இல்லை. மெதுவாக வந்தாலும் அறுந்துவிடாமல் வர வேண்டும். சினிமா பார்க்க நெட் தேடுபவர்கள் இந்த விமர்சனத்தைக் கொஞ்சம் மாற்றித்தான் படிக்க வேண்டியிருக்கும்.

பெட்டி என்ன கம்பெனி என்று எழுதப் போவதில்லை. என் சொந்த மனக்குறைகளும் இதில் வருகின்றன, அதைவிட முக்கியமாக, சந்தையில் இந்த விலையில் கிடைக்கிற 4ஜி பெட்டிகள் எல்லாம் உள்ளே கிட்டத்தட்ட ஒன்றேதான். உள்ளங்கை அளவு, ஒரு சிம், 2000 முதல் 3000 எம்ஏஎச் வரை பேட்டரி, பத்துப் பேர் வரை இணையலாம், 150 எம்பிபிஎஸ் வரை வேகம் என்று அட்டையில் போட்டிருக்கும். அந்த 150ஐ நம்பி யாரும் சந்தோஷப்பட வேண்டாம். அது கேட்டகரி 4 என்று சொல்லப்படுகிற மோடத்தின், அதாவது டவரோடு பேசுகிற சில்லின், காகித உச்சம்.

கடையில் எல்லோரும் சொல்கிற பொய் ஒன்று உண்டு. "போனைவிட இது சிக்னலை நல்லா இழுக்கும் அண்ணாச்சி" என்பார்கள். இழுக்காது. அதே டவர், அதே அலைவரிசை. சொல்லப்போனால் ஓரளவு நல்ல போனின் மோடம் இதைவிட மேல், ஏனென்றால் போன் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று அலைவரிசைகளைச் சேர்த்துப் பிடிக்கும், கேட்டகரி 4 பெட்டிக்கு ஒரு சமயத்தில் ஒன்றுதான். ஆனால் இந்தப் பொய்க்குள் ஒரு துளி நிஜம் ஒளிந்திருக்கிறது. ரயிலின் ஏசி கோச்சுக்கு உடம்பு முழுக்க எஃகு, கண்ணாடியில் வெயில் தடுக்கப் பூச்சு, இரண்டுமே சிக்னலுக்கு எதிரி. நீங்கள் நடைபாதை ஓரத்து சீட்டில் போனை மடியில் வைத்துக்கொண்டு இருக்கும்போது, பெட்டியை ஜன்னல் திரைக்குப் பின்னால் கண்ணாடியை ஒட்டி வைத்துவிடலாம். ஜன்னல் சீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு வைத்தால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. போனை அப்படி வைத்துவிட்டு வர மனசு வராது, பெட்டியை வைக்கலாம். எனக்குக் கிடைத்த சிக்னல் லாபம் எல்லாம் இந்த இடமாற்றத்தில் கிடைத்ததுதான்.

அப்புறம் வண்டி ஓடும்போது ஏன் நெட் அறுகிறது என்பதையும் புரிந்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பெட்டியை மாற்றி மாற்றி வாங்கிக்கொண்டே இருப்போம். 2023 செப்டம்பரில் நெல்லை - சென்னை வந்தே பாரத் விட்ட பிறகு காலை ஆறு மணிக்கு ஏறினால் மதியம் இரண்டு மணிக்குள் எழும்பூர், சுமார் 650 கிலோமீட்டர். அந்த வேகத்தில் போன் ஒவ்வொரு டவராகத் தாவிக்கொண்டே போகிறது, உங்கள் போன் மட்டும் அல்ல, வண்டியில் இருக்கிற அத்தனை போனும் ஒரே நிமிடத்தில் அடுத்த டவரின் கதவைத் தட்டுகின்றன. அந்த டவரோ பக்கத்துக் கிராமத்துக்காக வைத்தது. மணியாச்சி, கடம்பூர் பக்கம் கரிசல் காட்டில் டவருக்கும் டவருக்கும் தூரம் அதிகம், அங்கே இது நன்றாகத் தெரியும். அரியலூர் தாண்டி விருத்தாசலம் வரையிலும் அப்படித்தான். அந்த இடங்களில் எந்தப் பெட்டியும் எந்தப் போனும் ஒரு கம்பெனி சிம்மை மட்டும் வைத்துக்கொண்டு ஜெயிக்க முடியாது. ஒரு கம்பெனிக்கு இல்லாத இடத்தில் இன்னொரு கம்பெனிக்கு இருக்கலாம், அவ்வளவுதான் வாய்ப்பு. ரயிலுக்குள்ளேயே இன்டர்நெட் தருவது பற்றி ரயில்வே யோசிக்காமல் இல்லை. ஹவுரா ராஜதானியில் செயற்கைக்கோள் வழியாக முயன்று பார்த்தார்கள், செலவுக்குக் கட்டுப்படியாகவில்லை என்று 2021ல் நாடாளுமன்றத்திலேயே சொல்லிக் கைவிட்டார்கள். ஆக நம் பாடு நம் கையில்.

இனி பெட்டியின் பெரிய பலவீனம். பெட்டி 4ஜி. இப்போது ரீசார்ஜ் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். 2024 ஜூலையில் மூன்று தனியார் கம்பெனிகளும் விலையை ஏற்றின, ஜியோவில் 28 நாளுக்கு, நாளொன்றுக்கு 2 ஜிபி தருகிற திட்டம் 299 ரூபாயிலிருந்து 349 ஆனது. அதோடு, நாளுக்கு 2 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள திட்டங்களுக்குத்தான் அளவில்லாத 5ஜி என்று ஆக்கினார்கள். அதாவது 5ஜி போனில் 5ஜி சிக்னல் இருக்கும் இடத்தில் உட்கார்ந்து ஹாட்ஸ்பாட் போட்டால் அந்த 2 ஜிபியில் கை வைக்காமலே வேலை நடக்கும். அதே சிம்மைக் கழற்றிப் பெட்டியில் போட்டால்? பெட்டிக்கு 5ஜி தெரியாது, ஒவ்வொரு எம்பியும் அந்த 2 ஜிபியில் கழியும். மதுரையிலோ திருச்சியிலோ ஓட்டல் அறையில் இருக்கும்போது பெட்டியைத் திறப்பது காசைத் தண்ணீரில் விடுவதுதான். 5ஜி பெட்டிகள் இருக்கின்றனவே என்று கேட்பீர்கள். இருக்கின்றன, அந்த விலைக்கு ஒரு நல்ல 5ஜி போனே வாங்கிவிடலாம், அதில் கேமராவும் வரும்.

தினசரி அளவு தீர்ந்தால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே, 64 கேபிபிஎஸ். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு எம்பி இறங்கவே இரண்டு நிமிடத்துக்கு மேல். ஜிஎஸ்டி போர்ட்டலின் முதல் பக்கம் அதில் திறப்பதற்குள் அடுத்த ஸ்டேஷன் வந்துவிடும். ராத்திரி பன்னிரண்டு மணிக்குத்தான் மறு உயிர்.

இந்த அளவை யார் தின்கிறார்கள் என்று பார்த்தால் பெரும்பாலும் நாம் இல்லை, லேப்டாப்தான். வைஃபை என்று தெரிந்தவுடன் விண்டோஸ் அப்டேட்டை இறக்க ஆரம்பிக்கும், ஒன்டிரைவ் போட்டோக்களை ஏற்றும், வாட்ஸாப் டெஸ்க்டாப் பழைய வீடியோக்களைக் கொண்டுவரும். பெட்டியிலோ போன் ஹாட்ஸ்பாட்டிலோ இணைந்ததும் விண்டோஸில் அந்த வைஃபை பெயரின் பண்புகளுக்குள் போய் 'மீட்டர்டு கனெக்‌ஷன்' என்பதை ஆன் செய்துவிடுங்கள். ஒருமுறை செய்தால் அந்தப் பெயருக்கு நிரந்தரம். இந்த ஒரு சுவிட்ச்சுக்காகவே இதை எழுதலாம் என்று நினைத்தேன், இத்தனை பேர் ரயிலில் "இப்பத்தான் போட்டேன், அதுக்குள்ள தீர்ந்துடுச்சு" என்று புலம்பிக் கேட்டிருக்கிறேன்.

சரி, பெட்டி ஜெயிக்கிற இடம் எது? போன் அழைப்பு. இதை யாரும் விளம்பரத்தில் சொல்வதில்லை. இரண்டு சிம் போனில் ஒரு சிம்மில் டேட்டா ஓடிக்கொண்டிருக்கும்போது இன்னொரு சிம்முக்கு அழைப்பு வந்து எடுத்துவிட்டால், நிறைய மாடல்களில் டேட்டா நின்றுவிடும், ஏனென்றால் உள்ளே இருக்கிற ரேடியோ ஒன்றுதான், அது பேச்சுக்குப் போய்விடும். சில போன்களில் 'ஆட்டோ டேட்டா ஸ்விட்ச்' என்று ஒன்று இருக்கிறது, அழைப்பு வந்த சிம்முக்கே டேட்டாவையும் தற்காலிகமாக மாற்றிக்கொள்ளும், ஆனால் அந்த மாற்றத்தில் ஒரு விநாடி அறுந்தாலும் போர்ட்டலில் ஏறிக்கொண்டிருந்த ஃபைல் பாதியில் நின்றுவிடும். எனக்கோ ஓடிபி கேட்பதற்கே வாடிக்கையாளரைக் கூப்பிட வேண்டும். நான் அவரைக் கூப்பிட்டால் நெட் போகும், நெட் வந்தால் ஓடிபி செத்திருக்கும். "சார், நம்பர் சொன்னேனே, போட்டாச்சா?" என்று அவர் கேட்பார், இங்கே வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். பெட்டி தனி ஆள். போனில் எவ்வளவு நேரம் பேசினாலும் லேப்டாப்பின் நெட் அசையாது. வாங்கிய காசு இந்த ஒரு காரணத்தில் எனக்குத் திரும்பிவிட்டது, மற்றவர்களுக்குத் திரும்பும் என்று சொல்ல மாட்டேன்.

இரண்டாவது லாபம் பேட்டரி. சிக்னல் பலவீனமான இடத்தில் டவரை எட்டுவதற்காகப் போன் தன் சக்தியைக் கூட்டிக் கத்துகிறது, அதோடு ஹாட்ஸ்பாட்டும் போட்டால் பின்பக்கம் தோசைக்கல் மாதிரி காயும், சார்ஜ் கண் முன்னால் இறங்கும். பெட்டி அந்தச் சூட்டைத் தான் வாங்கிக்கொள்கிறது. ஆனால் அட்டையில் எட்டு மணி நேரம் என்று போட்டிருந்தால் அது ஒரு இடத்தில் நல்ல சிக்னலில் உட்கார்ந்திருக்கும்போது. வண்டியில் அதில் பாதியைத்தான் நம்பலாம். வந்தே பாரத்தில் சீட்டுக்குச் சீட்டு சாக்கெட் உண்டு, கவலையில்லை. ராத்திரி ஸ்லீப்பர் வண்டியில் போகிறவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும், தீ விபத்து பயத்தில் இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை சார்ஜ் சாக்கெட்டுகளுக்குக் கரண்டை நிறுத்திவைக்கிற ஏற்பாடு ரயில்வேயில் இருக்கிறது. படுப்பதற்கு முன்பே பெட்டி, போன், பவர் பேங்க் மூன்றையும் நிரப்பிக்கொள்ளுங்கள்.

போன் ஹாட்ஸ்பாட்தான் உங்கள் வழி என்றால் வைஃபையை விட்டுவிட்டு யுஎஸ்பி கேபிளில் இணைத்துப் பாருங்கள், யுஎஸ்பி டெதரிங் என்று செட்டிங்கில் இருக்கும். ஆண்ட்ராய்டுக்கு லேப்டாப்பில் எதுவும் நிறுவ வேண்டாம். இரண்டு நன்மை. லேப்டாப் போனுக்குச் சார்ஜும் கொடுக்கும். அப்புறம் ரயில் பெட்டிக்குள் எத்தனை ஹாட்ஸ்பாட் ஓடுகிறது என்று வைஃபை பட்டியலைத் திறந்து பாருங்கள், பாதிப் பேர் போன் மாடல் பெயரிலேயே ஓட்டிக்கொண்டிருப்பார்கள், எல்லாம் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ், அதில் ஒன்றோடொன்று மோதாமல் ஓட மூன்று சேனலுக்குத்தான் இடம். மலிவுப் பெட்டிகளும் அதே 2.4தான். கேபிளில் இந்தச் சந்தடி கிடையாது. நிறையப் பெட்டிகளும் கேபிளில் நெட் கொடுக்கும், கடையில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். வேலை நேரத்தில் என் பெட்டி கேபிளில்தான் இருக்கும்.

குறைகளுக்கு வருகிறேன். பெட்டி சிம்முக்கு வருகிற குறுஞ்செய்திகளைப் படிக்க அதன் பக்கத்தைப் பிரவுசரில் திறக்க வேண்டும், 192.168 என்று ஆரம்பிக்கிற முகவரி. ரீசார்ஜ் முடியப் போகிறது என்ற எச்சரிக்கை எல்லாம் அங்கே யாரும் பார்க்காமல் கிடக்கும். அந்தப் பக்கத்தின் பாஸ்வேர்டு பெரும்பாலும் 'அட்மின்' என்றே இருக்கும், வைஃபை பாஸ்வேர்டோ பெட்டியின் முதுகிலோ பேட்டரிக்கு அடியிலோ ஒட்டியிருக்கும். இரண்டையும் வாங்கிய அன்றே மாற்றுங்கள். அடுத்து, சிம் கம்பெனியின் முத்திரை போட்ட பெட்டி பெரும்பாலும் அந்தக் கம்பெனி சிம்மை மட்டும்தான் ஏற்கும். விலை மலிவாக இருப்பதற்குக் காரணம் அதுதான். எந்த சிம்மையும் ஏற்கிற திறந்த பெட்டி கொஞ்சம் விலை கூடுதல், இருந்தாலும் அதைத்தான் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் நாளை வேறு கம்பெனிக்கு மாறினால் பெட்டி பேப்பர் வெயிட்.

பெரிய குறை பேட்டரி. அலுவலகத்தில் சார்ஜரிலேயே எப்போதும் செருகி ஒரு ரவுட்டர் மாதிரி ஓட்டிக்கொண்டிருந்ததில், என் முதல் பெட்டியின் பேட்டரி உப்பி, பின் மூடியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டது. விற்ற கம்பெனியின் சேவை மையத்துக்குக் கொண்டுபோனேன். "பேட்டரிக்கு ஆறு மாதம்தான் சார் வாரண்டி, பெட்டிக்குத்தான் ஒரு வருஷம்" என்றார்கள். சரி, காசு தருகிறேன், புதுப் பேட்டரி கொடுங்கள் என்றால் அதுவும் இல்லை, அந்த மாடலை நிறுத்திவிட்டார்களாம். பேட்டரி இல்லாமல் சார்ஜரில் மட்டும் ஓடும் என்று பார்த்தால் ஓடவில்லை. ஒரு வருஷத்துக்குள் நிறுத்துகிற மாடலுக்கு எதற்கு ஒரு வருஷ வாரண்டி என்று கேட்டேன், பதில் வரவில்லை. ஆகவே வாங்கும்போது பேட்டரி கழற்றக்கூடியதா, அந்தப் பேட்டரி தனியாகக் கிடைக்கிறதா, பேட்டரி இல்லாமலும் ஓடுமா, இந்த மூன்றையும் பெட்டியின் வேகத்துக்கு முன்னால் கேளுங்கள்.

ஒரு நல்ல உபயோகத்தை மறந்துவிடக் கூடாது. சிங்கப்பூரிலிருந்து அக்கா குடும்பம் வந்திருந்தபோது, இங்கே சிம் எடுத்து அது ஆக்டிவேட் ஆகும் வரை அவர்களுக்கு எதுவும் ஓடவில்லை. நம் ஊரில் பொது வைஃபை எல்லாவற்றுக்கும் ஓடிபி வேண்டும், பெரும்பாலும் இந்திய எண்ணுக்குத்தான் அது வரும். பெட்டியைக் காருக்குள் போட்டுவிட்டேன். திருச்செந்தூர், கன்னியாகுமரி என்று சுற்றும் வரை பின்சீட்டில் பிள்ளைகள் நாலு பேரும் சத்தமே இல்லை. "இதை இங்கேயே விட்டுட்டுப் போடா தம்பி" என்று அக்கா கேட்டது வேறு கதை.

பெட்டிக்கு மாற்றாக நினைக்கக்கூடிய இலவச வைஃபைகளையும் சொல்லிவிடுகிறேன். ரயில் நிலையத்தில் இருப்பது ரயில்வேயின் தொலைத்தொடர்பு நிறுவனமான ரயில்டெல் நடத்துகிற ரயில்வயர். 2016ல் மும்பை சென்ட்ரலில் கூகுளோடு சேர்ந்து ஆரம்பித்தது, 2020ல் கூகுள் விலகிக்கொண்டது, ரயில்டெல் தொடர்ந்து நடத்தி ஆறாயிரம் நிலையங்களுக்கு மேல் கொண்டுபோய்விட்டது. நாளுக்கு அரை மணி நேரம் இலவசம், அதற்கு மேல் பணம். 2021ல் கட்டணத் திட்டம் வந்தபோது ஒரு நாளுக்கு 10 ரூபாய், 5 ஜிபி. தண்டவாளத்தோடு ஓடுகிற கண்ணாடி இழைக் கம்பி அவர்களுடையது என்பதால் நெட்டின் வேர் பலமானது. எழும்பூரில் வண்டிக்குக் காத்திருக்கும்போது பெரிய ஃபைல்களை இறக்கி வைத்துக்கொள்ள இதைவிட மலிவு இல்லை. ஆனால் இரண்டு நிமிடம் நிற்கிற நிலையத்தில் ஓடிபி வாங்கி உள்ளே போவதற்குள் வண்டி நகர்ந்துவிடும். பாஸ்வேர்டு இல்லாத திறந்த வைஃபை, வாடிக்கையாளரின் லாகின் எதையும் நான் அதில் போடுவதில்லை.

ஆம்னி பஸ்ஸில் ஒட்டியிருக்கிற வைஃபை ஸ்டிக்கரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இருந்தால் அதுவும் ஒரு 4ஜி ரவுட்டர், ஒரு சிம், முப்பத்தாறு பேர்.

இப்போது இரண்டாவது சிம். முதல் பத்தியில் சொன்னதை ஏன் அவ்வளவு உறுதியாகச் சொன்னேன் என்பதற்கு இரண்டு சம்பவங்களே போதும், இரண்டும் நம் ஊரில் எல்லோரும் பார்த்தவை. 2018 பிப்ரவரியில் ஏர்செல் டவர்கள் வரிசையாக நின்றுபோனபோது தமிழ்நாட்டில் எத்தனை லட்சம் போன்கள் வெறும் கடிகாரமாகின என்பது நினைவிருக்கும். அதே எண்ணோடு வேறு கம்பெனிக்கு மாற, அதாவது போர்ட் செய்ய, 1900க்கு எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டும், அந்த எஸ்எம்எஸ் போவதற்கே சிக்னல் இல்லை. கடை வாசல்களில் வரிசை. வங்கிக் கணக்கு, கேஸ் சிலிண்டர், ஆதார் எல்லாம் அந்த ஒரு எண்ணில் கட்டிவைத்திருந்தவர்கள் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது.

இரண்டாவது 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை, தாமிரபரணி ஊருக்குள், ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுவிட்டது. கரண்ட் போனது, அதன் பின்னால் சிக்னலும் போனது. டவருக்கும் கரண்ட் வேண்டும். கரண்ட் போனால் பேட்டரியில் சில மணி நேரம், அதற்கு மேல் டீசல் ஜெனரேட்டர், சாலை அறுந்துவிட்டால் டீசல் எப்படிப் போகும்? அப்போது இரண்டு சிம் வைத்திருந்தவர்களுக்கும் பெரும்பாலும் இரண்டும் வேலை செய்யவில்லை. இதில் நிறையப் பேருக்குத் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. சிம் கம்பெனி வேறு, டவர் கம்பெனி வேறு. ஏர்டெல்லும் வோடஃபோன் ஐடியாவும் பல இடங்களில் இண்டஸ் டவர்ஸ் என்ற ஒரே கம்பெனியின் கம்பத்தில்தான் தொங்குகின்றன, ஒரே ஜெனரேட்டர், ஒரே டீசல் டேங்க். பெயர் இரண்டு என்பதால் கம்பமும் இரண்டு என்று நினைத்துக்கொள்ள முடியாது. வெள்ளத்துக்கு இது பெரிய வித்தியாசம், சாதாரண நாள் ரயில் பயணத்துக்கு அவ்வளவு இல்லை, ஏனென்றால் ஒரே கம்பத்தில் இருந்தாலும் கம்பெனிக்குக் கம்பெனி அலைவரிசையும் நெரிசலும் வேறு.

எந்தக் கம்பெனி சிம்மை இரண்டாவதாக எடுப்பது என்று நண்பர்களைக் கேட்டால் அவரவர் வீட்டு மொட்டை மாடி அனுபவத்தைச் சொல்வார்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் சொன்னதன் பேரில் இப்போது எல்லா கம்பெனிகளும் தங்கள் தளத்தில் எங்கே 2ஜி, எங்கே 4ஜி, எங்கே 5ஜி என்று வரைபடம் போட்டிருக்கின்றன. நீங்கள் அடிக்கடி போகிற பாதையை அதில் தேய்த்துப் பாருங்கள். ஜியோவுக்கு 2ஜி, 3ஜி எதுவுமே கிடையாது, 4ஜி போனால் பேச்சும் போகும். ஏர்டெல்லில் 2ஜி இன்னும் ஓடுகிறது, டேட்டா சுத்தமாகச் செத்த இடத்திலும் ஓடிபி எஸ்எம்எஸ் வந்து விழும், என் தொழிலுக்கு அது பெரிய விஷயம். பிஎஸ்என்எல் இவ்வளவு நாள் 4ஜி இல்லாமல் இழுத்து, உள்நாட்டிலேயே செய்த கருவிகளோடு 2025 செப்டம்பரில் நாடு முழுக்கத் திறந்தது, மலைப் பக்கம் போகிறவர்கள் அதை இரண்டாவது சிம்மாக யோசிக்கலாம்.

மாதா மாதம் இரண்டு ரீசார்ஜா என்ற கேள்வி நியாயமானது. டேட்டா மட்டும் தருகிற சின்ன பேக்குகள் பலவும் அடிப்படைத் திட்டம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தால்தான் வேலை செய்யும் என்பதைக் கடைக்காரர் சொல்ல மறந்துவிடுவார். நான் செய்திருப்பது இது: 2024 டிசம்பரில் டிராய் விதியைத் திருத்திய பிறகு, டேட்டா இல்லாமல் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள திட்டங்கள் வந்திருக்கின்றன. வங்கிக்கும் ஆதாருக்கும் கொடுத்திருக்கிற பழைய எண்ணை அதில் போட்டுவிட்டு, டேட்டா முழுவதையும் இன்னொரு சிம்முக்கு மாற்றிவிட்டேன். பெட்டிக்குள் மூன்றாவது ஒன்று, வேலை அதிகமாக இருக்கிற மாதங்களில் மட்டும் ரீசார்ஜ்.

இவ்வளவுக்குப் பிறகும் பெட்டிதான் வேண்டும் என்றால் சென்னை ரிச்சி தெருவில் நேரில் போய் வாங்குங்கள். உங்கள் சிம்மைக் கையோடு கொண்டுபோய், கடையிலேயே போட்டு, போனில் இணைத்து, அந்த நேரத்தில் இன்னொரு போனில் பேசிப் பாருங்கள். பழைய பெட்டிகளும் அங்கே பாதி விலையில் கிடைக்கும், எடுக்க நினைத்தால் பின் மூடியைக் கழற்றி பேட்டரியை ஒரு சமமான மேசையில் வைத்துச் சுண்டிவிடுங்கள். சுழன்றால் உப்பியிருக்கிறது என்று அர்த்தம், வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.